இரண்டு நாள் மொள்ளாத ஊற்று

காலை 6.10. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பெயர் அஞ்சலை. கல்வராயன் மலையில் முப்பது வீடுகள் உள்ள ஒரு சிற்றூர்க்காரர். ஊருக்கு ஒரே ஊற்று. அந்த நீரைப் பாட்டிலில் அடைத்து விற்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. பத்தரை மணிக்கு மக்கள் கருத்துக்கேட்பு. ஊற்று மலைமேல், கூட்டம் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கீழே. யாருடைய வசதிக்கு என்று நான் கேட்கவில்லை.

“சித்திரையில ஒரு குடம் ரொம்ப அரை மணி நேரம் ஆவுதுங்க. அதப் போயி கேக்குறாங்க,” என்றார் அஞ்சலை.

7.35. கச்சிராயபாளையம். டீ பன்னிரண்டு ரூபாய், வாயில் வைக்க முடியவில்லை. கண்டக்டர் பாதி விளையாட்டாகச் சொன்னார்: “இன்னாம்மா, கம்பெனி வந்தா நம்ம பசங்களுக்கு வேல கெடைக்கும். நீ போயி கெடுத்துடாத.”

“வேலைக்குப் போய்ட்டு வர்றவனுக்குக் குடிக்க இன்னாத்த குடுக்கறது?”

அவர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

10.50. கள்ளக்குறிச்சி, கூட்ட அரங்கு. நானும் அஞ்சலையோடு போய் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி ஆய்வறிக்கையைப் படித்தார். “மேற்படி ஊற்றில் மக்கள் தேவை போக உபரி நீர் உள்ளது.” அஞ்சலை எழுந்தார்.

“ஐயா, நீங்க அளந்த அன்னிக்கு நெறஞ்சிதாங்க இருந்துது. ஆபீசருங்க வராங்கன்னு சொன்னாங்க. சேத்தையும் பாசியையும் பாத்துட்டுப் போனா ஊருக்கு இன்னா மரியாத? தூர் வாரி, ரெண்டு நாளு ஒரு சொம்பு கூட மொள்ளலீங்க. ஓடைக்கு நடந்து போயி கலங்கல் தண்ணியக் குடிச்சிக்கினு இருந்தோம்.”

அரங்கில் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரர் புன்னகையோடு, “பாருங்க, ஊரே எவ்ளோ நல்லா பராமரிக்கிறாங்க,” என்றார். அதையும் குறித்துக்கொண்டார்கள். அதிகாரி கெட்டவரில்லை. “திங்கக்கிழமை மறுபடியும் அளக்கச் சொல்றேம்மா. அதுல உபரின்னு வந்துட்டா அனுமதி குடுத்துடுவாங்க,” என்றார்.

பகல் 2.15. திரும்பும் பேருந்தில் நான் அஞ்சலையிடம் படித்துப் படித்துச் சொன்னேன். “திங்கட்கிழமை எதையும் தொடாதீங்க. எப்பவும் போல மொண்டுக்குங்க. சேறு இருந்தா சேத்தையே பாக்கட்டும்.” சரி சரி என்று தலையாட்டினார்.

3.05. மறுபடியும் கச்சிராயபாளையம். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது என்று ஊரிலிருக்கும் நாத்தனாருக்கு இங்கிருந்தே போன் போட்டார். “திங்கக்கெழம திரும்ப வராங்களாம். சனிக்கெழமையே எல்லாரும் மொண்டு வச்சிக்கட்டும். ஞாயித்துக்கெழம பாசியத் தேச்சி வுட்டுரலாம்.”

நான் கத்தியே விட்டேன். சென்னையில் எங்கள் தெருவுக்கு வீட்டு வரிக்காக அளக்க ஆள் வந்தால் மாடி அறையைப் பூட்டி, கேட்டால் அது சாமான் அறை என்போம். எங்களை யாரும் கூட்டம் போட்டு ஏமாற்றியதில்லை.

அஞ்சலைக்கு என் கோபம் புரியவில்லை.

“அவ்ளோ தூரம் மலையேறி வர்றாங்க,” என்றார். “அழுக்கோட காட்டுனா நம்மள இன்னா நெனைப்பாங்க?”