எந்த ஓம்?

நான் படிக்கும் டுசில்டோர்ஃப் நகரில், என் அறை இருக்கிற தெருவின் முனையில் ஒரு யப்பானியக் கோப்பிக் கடை உண்டு. முதல் தடவை அங்கே போனது மழைக்கு ஒதுங்க. அடுத்த தடவை போனது கேள்விகளோடு. கோப்பியை ஏன் துணியில் வடிக்கிறார்கள்? வடித்த துணியை ஏன் காயவிடாமல் தண்ணீருக்குள்ளேயே போட்டு வைக்கிறார்கள்? ஒவ்வொருவருக்கும் ஏன் வேறு வேறு கோப்பை? கடைக்காரர் நரைத்த தலை, கட்டைக் குரல். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்: ஆளைப் பார்த்துத்தான் கோப்பை எடுப்பாராம். அன்று எனக்குக் கிடைத்தது மெல்லிய பிடி வைத்த, எந்த நேரமும் கவிழ்ந்துவிடும் போலிருந்த ஒன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று அறை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு ஆசை கூடியது. அவர் கடையிலேயே கோப்பிக்கொட்டை வறுப்பதைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன் வருகிறேன், ஓரமாக நிற்பேன், எதையும் தொடமாட்டேன் என்று ஜேர்மன் மொழியில் மூச்சுவிடாமல் சொன்னேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் தலையாட்டினார். “ஹாய்… ஹாய்.” சின்ன வயதில் பார்த்த யப்பானியக் கார்ட்டூன்களால் ‘ஹாய்’ என்றால் ‘ஆம்’ என்பது எனக்குத் தெரியும். வேலை முடிந்தது!

சனிக்கிழமை போனால் கதவு பூட்டு. உள்ளே வெளிச்சமும் புகையும். கண்ணாடியில் தட்டினேன். திகைத்துப்போய்த் திறந்தார்.

“ஹாய் என்று சொன்னீர்களே!”

“சொன்னேன். நீங்கள் பேசினீர்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹாய் என்றது அதற்கு.”

“அப்போ சம்மதம்?”

“அது வேறு. யோசித்து, பிறகு சொல்வது.”

பாவம் பார்த்து உள்ளே விட்டார். ஆனால் கொட்டை நிறம் மாறியதை நான் பார்க்கவேயில்லை. என் மனம் பான் நகருக்குப் போய்விட்டது, அங்கே இருக்கிற அம்மாவிடம்.

வருகிற வசந்தத்தில் யப்பானில், ஒசாக்காவில் ஆறு மாதம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் உறுதி சொல்ல வேண்டும். அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாம் விபரமாகச் சொல்லியிருந்தேன். அவரும் “ஓம்… ஓம் ஓம்… ஓம், சொல்லு” என்றார். நான் ஜேர்மன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்கள் பேச்சில் ‘ஆம்’ என்று பொருள்படும் ஓமை ஜேர்மன்காரரின் ‘யா’வாகவே எடுத்துக்கொண்டு, அம்மா சம்மதித்துவிட்டார் என ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. அந்த ஓம் ஒருவேளை இந்த ஹாயோ?

நேரே கேட்கப் பயம். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். ஒரு நல்ல யப்பானியரைக் கண்ணால் கண்டால் அம்மாவின் மனம் இளகும் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ரயிலேறி வரச்செய்து கடைக்குக் கூட்டிப்போனேன்.

கை துடைக்க, சுருட்டிய வெள்ளைத் துணி மூங்கில் தட்டில் ஆவி பறக்க வந்தது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எடியேய், நான் புட்டெண்டெல்லோ நினைச்சன்!”

அவருக்கு வந்த கோப்பை அகலமானது, பாரமானது, அசையாதது. ஒரு மிடறு குடித்தார். “மல்லியும் இல்லை, பாலும் இல்லை. இது என்ன கோப்பி?” என்றவர், கடைக்காரர் அருகில் வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, தன்னுடைய ஜேர்மனில் கேட்டார்: “நீங்கள் இங்கே எத்தனை வருடத்துக்கு வந்தீர்கள்?”

“இரண்டு வருடத்துக்கு.”

“இப்போது எத்தனை?”

அவர் சிரித்தார். “இங்கே பிறந்த என் மகன் தாடி வளர்க்கிறான்.”

அந்தக் கோப்பியை அவர் தலையிலேயே ஊற்றலாம் போலிருந்தது எனக்கு. அம்மா என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியோ? எங்கட வீட்டிலயும் கொஞ்ச நாளைக்கெண்டு வெளிக்கிட்ட ஒருத்தரும் திரும்பிப் போகேல்லை. நானும்தான். யப்பானோட எனக்கு ஒரு கோவமும் இல்லை, பிள்ளை.”

“அப்ப இவ்வளவு நாளும் ஓம் ஓம் எண்டனீங்கள்?”

“நீ கதைச்சாய், நான் கேட்டன். சத்தம் போடாமல் இருந்தா லைன் கட்டாயிட்டுது எண்டு கத்துவாயெல்லோ?”

“இப்ப விடுறீங்களோ, இல்லையோ?”

“ஆறப்போகுது. குடி.”

அவ்வளவுதான். எழும்பினோம். வாசலில் அம்மா கடைக்காரரைப் பார்த்து, எங்கள் ‘போட்டு வாறன்’ என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஜேர்மனில் சொன்னார்: “இஹ் கேஹ உண்ட் கொம.” நான் போகிறேன், வருகிறேன். என் பள்ளிக்கூடத்திலும் அம்மா இப்படிச் சொல்லி, ஆசிரியை “போகிறீர்களா, வருகிறீர்களா?” என்று கேட்டு, நான் கூசிக் குறுகியதுண்டு. வழக்கம்போல, ஜேர்மன்காரர் விடைபெறும் சொல்லை முணுமுணுத்தேன்: “‘ச்சூஸ்’ எண்டு சொல்லுங்கோ, அம்மா.”

கடைக்காரர் மேசை துடைப்பதை நிறுத்திவிட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாக, “எங்கள் நாட்டில் வீட்டைவிட்டு இறங்கும்போது இதையேதான் சொல்வோம். ‘இத்தே கிமஸ்.’ போய், வருகிறேன்” என்றார்.

“வீட்டில் இருப்பவர்கள்?” அம்மா கேட்டார்.

“போய் வா என்பார்கள்.”

“வெளிக்கிடேக்கை இவரும் சொன்னவராமோ? கேள்.”

கேட்டேன்.

“சொன்னேன். ஒவ்வொரு கோடையிலும் போய் அம்மாவைப் பார்க்கிறேன். புறப்படும்போது திரும்பவும் அதையே சொல்கிறேன்.”

அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

ரயில் மேடையில் என்னிடம் கேட்டார். “இத்தே… பிறகு என்னடி?”

“கிமஸ்.”

“ஒசாக்காவுக்குப் பிளேன் ஏற முதல் எனக்கு அதைச் சொல்லிப்போட்டுத்தான் ஏற வேணும். வெறுமனே ‘போறன்’ எண்டு மட்டும் வாயில வரப்படாது.”

“அம்மா! இது எந்த ஓம்?”

“நான் எங்கையடி இப்ப ஓம் எண்டனான்?”

பான் ரயில் வந்தது. ஏறி, கதவு மூடுமுன், “போட்டு வாறன்” என்றார். “போட்டு வாங்கோ” என்றேன். ரயில் மேடையைத் தாண்டுவதற்குள் கைபேசியை எடுத்து, வருகிறேன் என்று ஒசாக்காவுக்கு எழுதிவிட்டேன்.