முடிச்சூர் ரோடு, முதல் வளைவு வரைக்கும்

சைக்கிள் ஸ்டாண்டு வேலை இன்னான்னு கேட்டா, ஊரே ஏறி உக்காந்துகினு வர்ற வண்டியை நாம மட்டும் நின்னுகினு தள்ற வேலை.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கால வாசல்ல எங்க ஸ்டாண்டு இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு கம்பெனிக்குப் போயிடுவாரு, பகல் பூரா நான் தான். எம்பதுங்கள்ல ஆரம்பிச்சது, தொண்ணூறுங்கள்ல பாதி வரைக்கும் ஓடுச்சு. நீங்களும் அந்தக் காலத்துல முடிச்சூர்லருந்தோ இரும்புலியூர்லருந்தோ மிதிச்சுகினு வந்து, வண்டியைப் போட்டுட்டு ரயிலுக்கு ஓடினவங்களா இருந்தா நாம சொந்தக்காரங்க தான். உங்க ஹேண்டில்ல இருந்த வேர்வை என் கையில தான் காஞ்சிருக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு சைக்கிளை நவுத்துவேன், திருப்புவேன், அடுக்குவேன். ஆனா எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆசை இருந்துச்சான்னு கேக்காதீங்க. அதச் சொல்லத் தான் உக்காந்திருக்கேன்.

கை மாத்தி வுடறது

எட்டு மணி ரயிலு ப்ளாட்பாரத்துல வந்து நிக்கறதுக்கும், முடிச்சூர் ஆளுங்க ஸ்டாண்டுக்குள்ள நுழையறதுக்கும் சரியா இருக்கும். நிறுத்தி ஸ்டாண்டு போட யாருக்கு நேரம்? ஓடற வண்டியிலருந்து குதிப்பாங்க, ஹேண்டிலை என் பக்கம் தள்ளி வுடுவாங்க, “அக்கா!”ன்னு ஒரு சத்தம். அவ்ளோ தான். ஆளு படிக்கட்டுல இருப்பாரு, வண்டி என் கையில இருக்கும். கை மாத்தி வுடறதுன்னு நாங்க அதுக்குப் பேரே வெச்சிருந்தோம். ஒரு வண்டியைக் கூட நான் கீழ வுட்டதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி கபடி ஆடின கை, சும்மாவா? எங்க அண்ணன் காலையே புடிச்சு இழுத்துப் போட்டிருக்கேன், அவருக்கு இன்னிக்கும் கோவம். அது இருக்கட்டும்.

கணேசன் சார்னு ஒருத்தர். முடிச்சூர்ல மனை வாங்கி வூடு கட்டிகினு வந்தவரு, பட்டணத்துல ஏதோ ஆபீஸ்ல கிளார்க்கு. ஒரு நாள் “அக்கா!”ன்னார், வுட்டார், ஓடினார். வண்டி கனமா வந்துச்சு. பாத்தா கேரியர்ல அவரு பொண்ணு, ரெட்டை ஜடை, ரெண்டாங் கிளாஸ், புக்ஸ் பையோட உக்காந்துகினு இருக்கு. வழியில ஸ்கூல்ல எறக்கி வுட வேண்டிய மனுசன், ரயிலு ஹாரன் கேட்டதும் பொண்ணையே மறந்துட்டாரு. ரயிலும் கிளம்பிடுச்சு. ஸ்டாண்டு வாசல்ல பங்க்சர் கடை வெச்சிருந்த அந்தோணியைப் பாத்துக்கச் சொல்லிட்டு, பொண்ணை அப்பிடியே உக்கார வெச்சுத் தள்ளிகினே ஸ்கூலுக்குப் போனேன்.

“ஆன்ட்டி, பெல் அடிச்சுடுவாங்க. ஏறி ஓட்டுங்களேன்.”

“எனக்கு ஓட்டத் தெரியாது கண்ணு.”

அது கேரியர்லருந்து எட்டி என் காலைப் பாத்துச்சு. அப்பால கேட்டுச்சு: “பின்ன எதுக்கு ஆன்ட்டி உங்ககிட்ட மட்டும் இவ்ளோ சைக்கிள்?”

மழையில அழிஞ்ச நம்பர்

அப்ப எல்லாம் சீட்டு மேல சாக்பீஸ்ல நம்பர் எழுதுவோம், அதே நம்பரை மாச ஆரம்பத்துலயே ஒரு துண்டு அட்டையில எழுதி ஆளுகிட்ட குடுத்துடுவோம். ஸ்டாண்டுல வண்டியைப் பூட்டக் கூடாது, பூட்டினா நான் நவுத்த முடியாது. அதனால சாவியும் வண்டியிலயே தொங்கும். ஒரு ஐப்பசி மாசம் மத்தியானம் புடிச்சுது பாருங்க மழை! அந்த மழையில தான் எங்க நாத்தனாருக்கு மூணாவது பொண்ணு பொறந்துச்சு. ஆட்டோ கெடைக்காம, இரும்புலியூர்லருந்து மீன் கூடை ஏத்தற ட்ரைசைக்கிள்ல வெச்சுக் கூட்டினு போனாங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கும் மீனு வாசனை ஆவாது. சாயங்காலம் ஸ்டாண்டுல பாத்தா ஒரு சீட்டுலயும் நம்பர் இல்ல. எல்லாம் கருப்பு, எல்லாம் ஒரே ஒசரம். தலையில கர்சீப்பு போட்டுகினு நிக்கற கூட்டத்துக்கு, ஞாபகத்த வெச்சுத் தான் ஒவ்வொண்ணா உருட்டிக் குடுத்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, பெருங்களத்தூர் ஏகாம்பரம் வண்டியை நவுத்தும்போது மட்கார்டுல ஒரு நசுங்கல் தட்டுப்பட்டுச்சு. கணேசன் சார் வண்டியில எப்பவோ அடுக்கும்போது நானே நசுக்கினது. ரெண்டு பேருக்கும் அன்னிக்கு மாத்திக் குடுத்துட்டிருக்கேன்! கணேசன் சாரைத் தனியா கூப்புட்டு விசயத்த சொன்னேன். “ஐயையோ, அவருகிட்ட சொல்லிடாதீங்க அக்கா, இதான் லேசா ஓடுது”ன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு. ஏறி மிதிச்சா தானே எது லேசு, எது கனம்னு தெரியும்? உருட்டற கைக்கு ரெண்டும் ஒண்ணு தான். ஆனாலும் மனசு கேக்கல, ஏகாம்பரத்துகிட்டயும் சொன்னேன். அவரு சுத்தும் முத்தும் பாத்துட்டு, காதாண்ட வந்து சொன்னாரு: “மறுநாளே தெரியும் அக்கா. நீ பேசாம இரு, என்னுது முட்டிய ஒடைக்கிற வண்டி, அவரே வெச்சுக்கட்டும்.”

காத்து அடிச்சுது

ஸ்டாண்டு வெச்சிருக்கறவனுக்கு ஒரு சட்டம் கீது. நிறுத்தக் குடுத்த வண்டியில ஏறக் கூடாது. எங்க வூட்டுக்காரரு இதுல ரொம்ப கறாரு. “ஓட்டல்ல வேலை செய்யறவன் கஸ்டமரு எலையில கை வெப்பானா?”ம்பாரு. சரி, நமக்குன்னு ஒண்ணு வாங்குன்னா, “வூடு இந்தாண்ட, ஸ்டாண்டு அந்தாண்ட, நடுவுல ஒரு ரோடு. உனக்கு சைக்கிள்ல போறதுக்கு இடம் ஏது?”ம்பாரு. தப்புன்னு சொல்ல முடியல. எனக்குப் போறதுக்கு இடம் இல்ல தான். அதனால தான் போவணும்னு இருந்துச்சு.

பத்து மணிக்கு மேல ஸ்டாண்டு கப்சிப்னு ஆயிடும். முந்நூறு வண்டியும் நானும் தான். ஒரு நாள் கை சும்மா இருக்கல. ஓரத்து வண்டியை எடுத்து, ஒரு கால பெடல்ல வெச்சு, இன்னொரு காலால தரைய ஒதைச்சேன். பொடவை செயின்ல மாட்டுச்சு. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். வண்டி வுழுந்தது வரிசை மேல. ஸ்டாண்டுல ஒண்ணு சாஞ்சா கடைசி வண்டி வரைக்கும் சாஞ்சா தான் நிக்கும், உங்களுக்கே தெரியும். நாப்பது வண்டி, நாப்பது பெல்லும் சேர்ந்து அடிச்சுது, கோயில் மணி மாதிரி. அந்தோணி ஓடியாந்தான்.

“இன்னா அக்கா இது?”

“காத்து அடிச்சுதுப்பா.”

அவன் ஒவ்வொண்ணா தூக்கி, கோணின ஹேண்டிலை எல்லாம் முட்டிக்கு நடுவுல வெச்சு நேராக்கினான். எல்லாம் முடிஞ்சு கைய தொடச்சுகினே சொன்னான்: “காத்துக்கு முட்டியில ரத்தம் வருது பாரு அக்கா, மஞ்சா வெச்சுக்கச் சொல்லு.”

ரெண்டு வரிசைக்கு நடுவுல

எங்க ஸ்டாண்டுலயே ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். விமலா டீச்சரோடது. பெருங்களத்தூர் பக்கம் காலனியில குடியிருந்தாங்க, ரயிலேறி வேற ஊர் ஸ்கூலுக்குப் போவாங்க. ஜிஎஸ்டி ரோட்டுல லாரி, பஸ்ஸு நடுவுல தனியா வருவாங்க. பண்டிகை சமயத்துல கேக்கவே வாணாம், ஊருக்குப் போற பஸ்ஸெல்லாம் அங்க தான் முட்டிகினு நிக்கும். “பயமா இல்லியா டீச்சர்?”னு கேட்டா, “பஸ்காரன் ஹாரன் அடிச்சதும் ஒரு தடவை மண்ணுல எறங்கினோம்னு வைங்க, அப்புறம் தினமும் எறக்குவான் அக்கா”ன்னு சிரிப்பாங்க. நான் அவங்ககிட்ட ரோட்டுக் கதையா கேப்பேன். எறக்கத்துல வுட்டா எப்பிடி இருக்கும், காதுல காத்து இன்னா சத்தம் போடும், இப்பிடி. ஒரு நாள் என் முகத்தையே பாத்துட்டு, “என் வண்டியில கத்துக்கோங்க. நானா குடுக்கறேன், அப்ப உங்க வீட்டுக்காரர் சட்டமும் உடையலை”ன்னுட்டாங்க.

அன்னிலருந்து தினம் பத்து மணிக்கு மேல ரெண்டு வரிசைக்கு நடுவுல இருக்கற சந்துல பழகினேன். இந்தக் கோடியில ஏறுவேன், அந்தக் கோடியில எறங்குவேன், கையால திருப்புவேன், மறுபடி ஏறுவேன். ரெண்டு பக்கமும் வண்டிங்க நிக்குதே, சாஞ்சா சீட்டைப் புடிச்சுப்பேன். ஒரு மாசத்துல தொடாமலே போவ வந்துடுச்சு. அந்தோணி டியூப்பைத் தண்ணியில முக்கிகினே பாத்துகினு இருந்தவன் சொன்னான்: “சூப்பரா ஓட்டற அக்கா, ரயிலு மாதிரியே. தண்டவாளத்த வுட்டு மட்டும் எறங்க மாட்ட போலகீது.”

அந்த ஞாயித்துக்கிழமை

நானும் இந்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிகினே இருந்தேன். ரோட்டுல ஓட்டணும்னா ஸ்டாண்டை யாரு பாக்கறது? அதுக்குள்ள டீச்சருக்கு விழுப்புரம் பக்கம் மாத்தல் வந்துடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து நின்னாங்க. “நாளைக்குக் காலையில சாமானோட சேத்து இதையும் லாரியில ஏத்திடுவாங்க. இன்னிக்கு ரோட்டுல ஓட்டிடுங்க அக்கா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.” எங்க வூட்டுக்காரருக்கு அன்னிக்கு லீவு. டீச்சர் எதிர்ல ஒண்ணும் சொல்ல முடியாம, பீடியைக் கீழ போட்டுட்டு ஸ்டூல்ல போய் உக்காந்தாரு.

முந்தானையை இழுத்துச் சொருவிகினு, கடைத்தெருவு கூட்டமெல்லாம் தாண்டுற வரைக்கும் தள்ளிகினே போனேன். முடிச்சூர் ரோடு நேரா ஆவற இடத்துல ஏறினேன். ரெண்டு பக்கமும் புடிக்க ஒரு வண்டியும் இல்ல, வெறும் வயலு. ஆனா வுழல. வூடுங்க பின்னால போச்சு, டீக்கடை பின்னால போச்சு. டீச்சர் சொன்ன காத்து காதுல வந்துச்சு. சத்தம் ஒண்ணும் பெருசா இல்ல, யாரோ கொழந்தைக்கு ஊதி ஊதி சோறு குடுக்கற மாதிரி இருந்துச்சு. பத்து வருசத்துல முதல் தபா, பின்னாலருந்து ஒருத்தரும் “அக்கா!”ன்னு கத்தல. அழுவை வந்துச்சு, தொடைக்கக் கைய எடுக்கத் தெரியல.

அப்ப தான் அந்த வளைவு வந்துச்சு. எனக்கு வளைக்கத் தெரியாதே! சந்துல வளைவு ஏது? காலை ஊனி, எறங்கி, ஓரமா நின்னுட்டேன். எதிர்ல காய்கறிப் பையை ஹேண்டில்ல தொங்க வுட்டுகினு சைக்கிள்ல கணேசன் சார் வந்தாரு. என்னையும் வண்டியையும் பாத்து அவரால நம்ப முடியல.

“ஏன் அக்கா நின்னுட்டீங்க? செயின் கழண்டுடுச்சா?”

“இல்ல சார். திரும்பத் தெரியாது.”

அவரு சிரிக்கல. எறங்கி, தன் வண்டியை ஓரமா ஸ்டாண்டு போட்டுட்டு, “நான் புடிச்சுக்கறேன், வாங்க”ன்னாரு. எனக்கும் போவணும்னு தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் இருக்கற ஊருக்குத் தானே தினம் சாயங்காலம் நூறு வண்டியை எடுத்துக் குடுத்து அனுப்பறேன்? ஒரு தபா கூடப் பாத்ததில்ல. ஆனா வெளிச்சம் மங்கிகினே வருது, அங்க டீச்சர் வண்டிக்காக உக்காந்துகினு இருக்காங்க. “இன்னொரு நாள் சார்”னு சொல்லிட்டு, வழக்கம் போல வண்டியைக் கையால திருப்பினேன். அவரு போவாம நின்னுகினே சொன்னாரு: “இந்தப் பக்கம் வெறும் ரோடு தான் அக்கா, ஏரி, காத்து எல்லாம் அந்தப் பக்கம்.”

இன்னொரு நாள்

அந்த இன்னொரு நாள் வரல. டீச்சர் வண்டி லாரியில போயிடுச்சு. மறுவருசத்துலருந்து மொப்பெட்டும் பைக்கும் வந்து நிக்க ஆரம்பிச்சுது, சந்து குறுகிப் போச்சு. அதையெல்லாம் தள்ள என் இடுப்புக்கு பலம் இல்லன்னு ஸ்டாண்டை வேற ஆளுகிட்ட வுட்டுட்டோம். கணேசன் சாரும் மொப்பெட் வாங்கிட்டாரு. அந்தோணி மட்டும் எங்க கண்டாலும், “இன்னா அக்கா, தண்டவாளத்த வுட்டு எறங்கிட்டியா?”ம்பான்.

அந்தப் பக்கம் நான் போவாம இல்ல. கல்யாணம், காது குத்துன்னு ஆட்டோவுல எத்தினியோ தபா போயிருக்கேன். அந்த வளைவு வந்தா மட்டும், எதிர்ல இருக்கற கம்பியைக் கெட்டியா புடிச்சுகினு லேசா ஒரு பக்கம் சாய்வேன். “பாட்டி, எதுக்கு எம் மேல சாயற?”ன்னு பேத்தி திட்டும்.

முந்நூறு வண்டியைத் தினம் திருப்பி வெச்ச கை தான் இது, ஏறி உக்காந்து ஒரே ஒரு முக்கு திரும்பறதுக்கு மட்டும் இன்னும் ஏங்கிகினு கீது.