பார்த்து அடி, படிக்காதே

“படிச்சா புரியற ஆளுக்கு இந்த வேல வராதும்மா” என்றார் பாய். என் சான்றிதழ்களைப் பார்த்து முடித்து, மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

வேலை கேட்டுப் போகும் இடங்களில் எனக்கு வழக்கமாக வரும் சந்தேகங்கள் வேறு. கல்வராயன் மலையிலிருந்து வருகிறாயா, தமிழே ஒழுங்காக வருமா, சிஸ்டத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா என்பார்கள். அவற்றுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பேன். எங்கள் வீட்டில் பேருந்துப் பலகையைப் படித்து ஏறிய முதல் ஆள் நான். பி.ஏ. ஆங்கிலத்தை முதல் வகுப்பில் முடித்திருந்தேன். படித்ததையே ஒரு குறையாகச் சொன்ன முதல் மனிதர் இவர்தான்.

“ஒரு மாசம் பாருங்க பாய். தப்பு வந்தா நானே போயிடறேன்” என்றேன்.

“நீயா எங்க போவ? நான்தான் அனுப்பணும்” என்று சிரித்தார். ஆனாலும் ஓர் இருக்கையைக் காட்டினார்.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது பாய் நடத்திய அந்த அலுவலகம். பன்னிரண்டு சிஸ்டம், நான்கு மின்விசிறி, கீழிருந்து ஏறி வரும் யூரியா வாசனை. வெளிநாட்டு நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய புத்தகங்களைப் படமெடுத்து அனுப்பும். அந்தக் காலத்து அச்செழுத்தைக் கணினியால் தானாகப் படிக்க முடியாது என்பதால் நாங்கள் பார்த்துத் தட்டச்சு செய்வோம். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். மறுநாள் காலை இரண்டையும் ஒப்பிட்டால், வேறுபடும் இடம் சிவப்பாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் தொழில் இது.

பாயின் விதி ஒன்றே ஒன்று. “பார்த்து அடி, படிக்காத. புத்தகத்துல தப்பு இருந்தா அது புத்தகத்தோட தப்பு. நீ திருத்தினா அது உன் தப்பு.”

அந்த ஒரு மாதத்தில் தோற்றால் நகரத்து அறையைக் காலி செய்துவிட்டு வெள்ளிமலைப் பேருந்தில் ஏற வேண்டியதுதான். மலைமேல் எங்கள் மரவள்ளிக் காடு காத்திருக்கிறது. வேலைக்கு நான் அஞ்சுகிறவள் இல்லை. காட்டு வேலைக்கு வரும் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து, படித்துவிட்டு வந்தவள் என்று என்னைப் பார்ப்பார்களே ஒரு பார்வை, அதற்குத்தான் அஞ்சினேன்.

எனக்கு முதலில் வந்தது ஒரே மனிதரின் எழுத்துகள், பல தொகுதிகளாக. அமெரிக்கா தனி நாடாகிக்கொண்டிருந்த காலத்தில் சபையில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர். பிறகு ஒரு கல்லூரிக்குத் தலைவரானவர். சொற்பொழிவுகள், பள்ளி விதிகள், அறிக்கைகள், கடிதங்கள் என்று எதையும் விடாமல் அச்சில் ஏற்றியிருந்தார்கள். முதல் தொகுதிகள் அவர் உயிரோடு இருந்தபோதே வந்தவை. அந்த அச்சில் எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் போலவே இருக்கும், குறுக்குக்கோடு பாதியில் நின்றுவிடும். அவசரக் கையெழுத்தில் நம் துணைக்காலும் ரகரமும் ஒன்றாகிவிடுவது போல. மற்றப் பெண்கள் கோட்டைப் பார்த்துப் பிரித்தார்கள். நான் சொல்லை வைத்துப் பிரித்தேன். அங்கேயே என் பிழை தொடங்கிவிட்டது.

அவருடைய பழைய எழுத்துக்கூட்டலை என் விரல்கள் இன்றைய எழுத்துக்கூட்டலாக மாற்றிவிடும். ‘பப்ளிக்’ என்ற சொல்லின் கடைசியில் அவர் போட்ட கூடுதல் ‘கே’யை ஒரு பக்கத்தில் ஐந்து முறை விழுங்கியிருந்தேன். எனக்கு இணையாக அதே பக்கங்களை அடித்தவள் தியாகதுருகத்துப் பெண். பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொண்டவள். அவள் பக்கம் சுத்தமாக இருக்கும், சிவப்பெல்லாம் என் பக்கம்தான்.

“ஏன்டி, பரீட்சைக்குப் படிக்கற மாதிரி வாய அசைக்கற?” என்பாள்.

அசைத்தேன்தான். மேசைக்கடியில் காலும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், அதை அரசே நடத்த வேண்டும், பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக வாதாடியிருந்தார். எனக்காகவே யாரோ பேசுவது போலிருந்தது. நான் படித்த அரசு பழங்குடி உறைவிடப் பள்ளியின் கூடம், தட்டோடு வரிசையில் நின்றது, மலைக்கே முதல் ஆளாக நான் வாங்கிய மதிப்பெண், எல்லாம் நினைவுக்கு வரும். அடுத்த பக்கத்துக்கு அவசரமாகப் போவேன்.

இரண்டாம் தொகுதியில் அந்த நாட்டுக் காடுகளில் வாழ்ந்த பழங்குடிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை வந்தது. அங்கே ஆளே மாறிவிட்டார். இவர்களுக்கு எழுத்தைக் கற்பிக்கலாம், ஆனால் அது தங்காது; காட்டின் வாசனை பட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்; பையன்களுக்குக் கோடரியும் பெண்களுக்கு ஊசியும் போதும் என்ற பொருளில் மூன்று பக்கம். அறிக்கை என்பதால் கோபமே இல்லாமல், மழையளவு சொல்வது போலச் சொல்லியிருந்தார்.

அடித்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் பாய் என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரே ஒரு சிவப்பு.

“இங்க ஒரு ‘நாட்’ இருக்குது. அந்தப் பொண்ணு அடிச்சிருக்கா. உன்னுதுல காணோம். எங்கம்மா போச்சி?”

குனிந்து பார்த்தேன். கல்வி இவர்களிடம் தங்காது என்று அவர் எழுதியிருந்தார். என் பக்கத்தில் தங்கும் என்றிருந்தது.

“வேணும்னு செய்யலைங்க பாய்.”

“வேணும்னு செஞ்சிருந்தா திட்டிட்டு வுட்டுடுவேன். தெரியாம செஞ்ச பாரு, அதான் கஷ்டம்.”

“அவரு எழுதினது தப்புங்க.”

“இருக்கட்டுமே. அந்தாளு செத்து எவ்ளோ காலம் ஆச்சி! அவரு சொன்னத அப்படியே குடுக்கத்தான் நம்மள வெச்சிருக்கறாங்க. நீ திருத்திக் குடுத்தா நாளைக்கு அந்தாளு நல்லவருன்னு ஆயிடும். அது பரவால்லயா?”

அவர் சொன்னது சரி என்பது தெரிந்ததும் இன்னும் எரிச்சலாக இருந்தது. பையை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

“ஜெர்மன் தெரியுமா?” என்றார்.

“தெரியாதுங்க.”

“நல்லதாப் போச்சி. நாளையிலிருந்து அத அடி.”

ஜெர்மனில் நான் தவறே செய்யவில்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், எழுத்து எழுத்தாக அடித்தேன். அது சமையல் குறிப்பா, சாவுச் செய்தியா, எதுவும் தெரியாது. மாதத்தின் கடைசி வாரத்தில் அலுவலகத்திலேயே குறைந்த பிழை என்னுடையது. பாய் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்து, என் வேலையை நிரந்தரம் ஆக்கினார். பெண்கள் “ஜெர்மன்காரி” என்று பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பும்போது மட்டும் பதினைந்து வருடம் படித்தது எதற்கு என்று தோன்றும். எனக்கு எவ்வளவு குறைவாகப் புரிகிறதோ அவ்வளவு நல்ல வேலைக்காரி நான். அதற்காகத்தான் என்னைப் பாராட்டினார்கள்.

அந்த மனிதரை விடவும் முடியவில்லை. அவருடைய மீதித் தொகுதிகள் தியாகதுருகத்துக்காரியிடம் போயிருந்தன. வயதான காலத்திலாவது மனம் மாறினாரா என்று தெரிந்தாக வேண்டும்.

“அவரு அப்புறம் இன்னா சொல்றாரு?” என்று அவளிடம் கேட்டேன்.

“யாரு?”

“நீ அடிக்கறியே, அவரு.”

“நான் எங்கடி படிச்சேன்? அடிச்சேன். சாப்புட வுடு.”

அவள் எலுமிச்சைச் சோறு சாப்பிடும் அரைமணி நேரம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க அனுமதி வாங்கினேன். பதிலுக்கு என் அப்பளம். இப்படி மூன்று வாரம். அவர் மாறவில்லை. கல்லூரிக்குக் கட்டடம் கட்டினார், மூட்டுவலி பற்றிப் புலம்பினார், தோட்டத்து ஆப்பிளைப் புகழ்ந்தார். கடைசித் தொகுதி அவர் இறந்த பிறகு வேறொருவர் தொகுத்தது. அதில் ஒரு சிறு கடிதம் இருந்தது, எட்டு வரிதான்.

அந்தக் காட்டுப் பள்ளியில் படித்த ஒரு பெண்ணுக்கு அவர் எழுதிய பதில் அது. உன் கடிதம் கிடைத்தது, கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்கிறார். என் அறிக்கையில் ஒரு வரி உண்மையல்ல என்று எழுதியிருக்கிறாய், அது அச்சேறிவிட்டது, இனி மாற்ற வழியில்லை என்கிறார். அவ்வளவுதான். அவள் பெயருக்குப் பதில் ஒரே ஓர் எழுத்து. கீழே தொகுத்தவரின் குறிப்பு: இந்தப் பெண் எழுதிய கடிதம் கிடைக்கவில்லை.

நான் நகராமல் இருந்ததைப் பார்த்துத் தியாகதுருகத்துக்காரி எச்சில் கையோடு வந்துவிட்டாள்.

“இன்னாடி, அழுவறியா?”

“அழுவல.” கடிதத்தைத் தமிழில் சொல்லிக்காட்டினேன்.

“இத நேத்துதான்டி நான் அடிச்சேன்” என்றாள். திரைப் பக்கம் குனிந்தாள். “அவ இன்னா எழுதினாளாம்?”

“தெரியாது. அவளோட கடுதாசி கெடைக்கலையாம்.”

“எங்க தேடினாங்களாம்?”

எங்கே தேடினார்கள் என்று குறிப்பில் இல்லை. தேடினார்களா என்றே இல்லை. பாய் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டு என் இடத்துக்கு ஓடினேன். அன்று அடித்த பக்கங்களில்தான் முதன்முறையாக ஜெர்மனிலும் சிவப்பு வந்தது.

அந்த ஞாயிறு மலைக்குப் போனேன். அப்பா கடுக்காயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்; ஆனால் முழுக்கதையையும் கேட்டார்.

“செத்தவனோட உனக்கு இன்னா சண்ட?” என்றார்.

“அவரோட இல்லப்பா. அந்தப் பொண்ணு எழுதினது எங்கன்னுதான்.” பிறகு தோன்றியது, கேட்டேன். “நம்ம மலையிலிருந்து யாராவது சர்க்காருக்கு எழுதிப் போட்டிருக்காங்களா?”

“ஏன் போடல? ஜாகீர்தாருங்க இந்த மலைய ஆண்ட காலத்துல எங்க தாத்தா ஆளுங்கல்லாம் சேந்து மனு குடுத்தாங்க. கூலியில்லாம வேல செய்யமாட்டோம்னு. கச்சிராயபாளையத்துல ஒருத்தர்கிட்ட சொல்லி எழுதி, எல்லாரும் ரேகை வெச்சாங்களாம்.”

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சாம். ஆவாதுன்னு.”

“அந்த மனு எங்கப்பா?”

“என்னக் கேட்டா? குடுத்ததோட சரி. அப்பல்லாம் நமக்குக் கடலூருதான் கலெக்டரு.” ஒரு கடுக்காயை எடுத்து என்மேல் எறிந்தார். “படிச்சவ நீ. போய்ப் பாரேன்.”

மறுநாள் பாயிடம், வரலாற்றில் எம்.ஏ. சேரப்போகிறேன், மதியத்துக்கு மேல் மட்டும் வேலைக்கு வரலாமா என்று கேட்டேன்.

“அரை ஆளுக்கு முழு சிஸ்டம் குடுக்க முடியாதும்மா. இருந்தா இரு. இவ்ளோ சுத்தமா அடிக்கற ஆளு எனக்கு வேற கெடையாது” என்றார். அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அன்று முழுவதும் அடித்தேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்லி விடைபெற்றேன். பாய் அன்றுவரையிலான சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார். தியாகதுருகத்துக்காரி கீழே உரக்கடை வரை வந்து, “உங்க மனு கெடைச்சா எனக்குச் சொல்லு” என்றாள்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அப்பாவின் தாத்தா ரேகை வைத்த வருடத்தை மலையில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தக் காலத்து இருபது வருடக் காகிதங்களைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு மனு எழுதினேன். சென்ற புதன்கிழமை கடலூர் பேருந்து ஏறிப்போய், பழைய ஆவணங்கள் இருக்கும் பதிவறையில் அதைக் கொடுத்தேன். ஒரு பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன்.