நெத்திலியில் எழுதிய யுத்தம்

நீங்கள் யாரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்கிறேன், ஓங்கியடித்துச் சத்தியம். போன வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் மரப்பெட்டிகளுக்கு இங்கிலீஷ் எழுத்து தீட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரன் ஒருவன் வந்து, “மாமு, நம்ம கருவாட்டு சூசையம்மா பூட்டாங்க” என்றான். அவள் செத்த சேதி கேட்ட அந்தக் கணம் ராயபுரத்துக் கடல் மூன்று அலை அடிக்க மறந்து நின்றது.

பெரிய சண்டை நடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அவள் புருஷன் அந்தோணி பட்டாளத்துக்கு மூட்டை தூக்கும் ஆளாகப் பஸ்ராவுக்குக் கப்பலேறியிருந்தான். அங்கே செத்தவர், அடிபட்டவர் பெயரைப் போட்டுத் துறைமுக ஆபீஸ் பலகையில் ஒட்டுகிற பட்டியல் முழுக்க இங்கிலீஷ். தெருவுக்கே அதைப் படித்துச் சொல்லும் மகா பண்டிதன் அடியேன். யார் பெயர் இருந்தாலும், “உன் ஆளு பேரு இல்ல, போய்ச் சோறு துன்னு” என்றே சொல்லிவந்தேன். சூசையம்மாவின் பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி விஷயத்திலும் அப்படித்தான் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அவனுடைய தகரப்பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது.

அன்றைக்கே சூசையம்மா மீன் வெட்டும் கத்தியோடு வந்து நின்றாள்.

“உன் வாயி தேனு, தம்பி. அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? இங்கிலீசு எய்த்தக் கத்துக்குடு. நானே பாத்துக்கறேன்.”

செத்தவருக்குக் ‘கில்டு’, அடிபட்டவருக்கு ‘ஊண்டட்’, காணாமல் போனவருக்கு ‘மிஸ்ஸிங்’ என்று பட்டியலில் மூன்று தலைப்பு உண்டு. “ஊண்டட்ல ஆரம்பிப்போம்க்கா” என்றேன்.

“கில்டுதான் மொதல்ல. அத்தப் பாத்துட்டா மத்தது இன்னா பண்ணிடும்?”

சிலேட்டு ஏது? மணலில் காயப்போடும் நெத்திலியையே எழுத்தாக அடுக்கினாள், ஒவ்வொரு எழுத்தும் கட்டுமர நீளம். எண்ணூர்ப் பக்கம் போன கப்பல்கள் ‘கில்டு’ என்று படித்துவிட்டுத் திரும்பி ஓடின. நடுவிலிருந்த இரண்டு எழுத்தைத் தின்ற காக்கைகள் இன்றுவரை இங்கிலீஷில்தான் கரைகின்றன.

“இன்னாடி, நெத்திலிக்குப் பாடமா?” என்று ஒருத்தி கேலி செய்தாள்.

“ஆமா. உன்னியவிட சீக்கிரம் கத்துக்குது.”

காக்கை தின்ற எழுத்தை மறுபடி அடுக்கினாள். மூன்று தலைப்பும் புருஷன் பெயரும் விரலுக்குப் பழகும்வரை விடவில்லை.

பிறகொரு நாள் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். கூட்டத்தில் முண்டி முன்னால் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் திரும்பி, “பேரு இல்லக்கா, வூட்டுக்குப் போ” என்றேன்.

கருவாட்டு வாசனையடித்த கை என்னை ஓரமாகத் தள்ளியது. மேலே இருந்த இரண்டு தலைப்பையும் விரல் வைத்துக் கடந்தாள். மூன்றாவதன் கீழ் விரலை நிறுத்தினாள். புருஷன் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

“காணோம்னுதானே போட்டுக்கீறான்? காணோம்னா தேடலாம்.”

அன்று முதல் தெருவுக்குப் பட்டியல் படித்தவள் அவள்தான். ஒரு பெயரையும் மறைக்கவில்லை. கேட்டவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்தோணி வரவில்லை. பஸ்ரா கப்பல் எது வந்தாலும், போன மாதம் வரைக்கும், இறங்குகிறவர்களை நிறுத்தி விசாரித்தாள்.

இன்று என்னிடம் தந்தி கொண்டு வருகிறவர்களுக்கு, உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.

கடல் மறந்த அலையும், ஓடிய கப்பலும், இங்கிலீஷ் காக்கையும் என் கைச்சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜம்: அந்தக் கை என்னைத் தள்ளியது.