ஓவர் கொடுக்கிற நேரம்

எனக்கு ஆங்கிலம் வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. பாதி ஷூ கம்பெனியில், பாதி என் மனைவியிடம். ‘ஓவர்’ அவள் கொண்டுவந்த வார்த்தை.

அவள் வேலூரில் நர்ஸாக இருந்தாள். டியூட்டி முடிக்கிற நர்ஸ், அடுத்து வருகிறவளிடம் படுக்கை படுக்கையாகப் போய், யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பலாம். அதுதான் ஓவர் கொடுப்பது. எடுக்க ஆள் வராமல் வார்டை விட்டு நகரக் கூடாது.

வீட்டையும் அப்படித்தான் நடத்தினோம். நைட் டியூட்டி முடித்து அவள் பள்ளிகொண்டாவில் பஸ்ஸைவிட்டு இறங்குவாள். நான் அங்கேயே ஆம்பூர் கம்பெனி வேனுக்கு நிற்பேன். நடுவில் பாய் கடையில் ஒரு டீ குடிக்கிற நேரம்; அதற்குள் நான் அவளுக்கு ஓவர் கொடுக்க வேண்டும்.

“பால் காய்ச்சிட்டேன். ரசம் மூடி வச்சிருக்கேன். பாப்பா பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட தூங்கறா, லேசா இருமுனா.”

“சளி இருமலா, வறட்டு இருமலா?”

“இருமல்னா இருமல்தான்.”

“இதெல்லாம் ஒரு ஓவரா? ஒழுங்கா சொல்லுங்க.”

பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: “இன்னா தோஸ்த், பேஷண்ட் பொழச்சிக்குமா?”

சில நாள் அடுத்த நர்ஸ் வரத் தாமதமாகும்; இவளும் தாமதம். வேன் ஹாரன் அடிக்கும். சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டு ஏறிவிடுவேன். அன்றெல்லாம் தோல் வெட்டும்போது எதையோ சொல்லாமல் வந்த மாதிரியே இருக்கும்.

இப்போது அவள் குவைத்தில் நர்ஸ். போன கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. இந்த முறை நிச்சயம் என்றாள். தினமும் போனில் பேசினாலும் சிலதைச் சேர்த்து வைத்திருந்தேன். பாப்பா என் சட்டையைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனது, பாய் கடையில் புது பெஞ்ச் போட்டது. அந்த பெஞ்சில் உட்கார்ந்தே சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

நேற்று கூப்பிட்டாள். “ஏங்க, லீவுல ஊருக்குப் போன நர்ஸ் பொண்ணு இன்னும் திரும்பல. ஓவர் எடுக்க ஆள் இல்லாம நான் எப்படிங்க வர்றது?”

கோபப்பட முடியவில்லை. அந்தச் சட்டம் எனக்கும் தெரியும்.

“சரி, ஓவர் குடுங்க” என்றாள்.

“பாப்பா வாசல்ல ஸ்டார் கட்டிட்டா. நீ வர்ற வரைக்கும் அவுக்க மாட்டாளாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் நிறைய இருக்குது. நீ வந்து எடு.”