ஆன்ட்டி வைத்த ரசம்

கோதுமை உங்கள் சிறுகுடலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், விடுவேனா? தேடிப் படித்தேன். சாப்பாட்டின் சத்தை ரத்தத்தில் சேர்ப்பவை சிறுகுடலுக்குள் இருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள். கோதுமை உள்ளே போனால் என் உடம்பே அவற்றைத் தாக்கி அழித்துவிடுமாம்.

இதைச் சொல்லிச் சலுகை கேட்கக் கூச்சம். விருந்துகளில் "சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பசியோடு திரும்புவேன்.

நான் குடியிருக்கும் சான்டா கிளாராவில் பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டி ஒருநாள் மடக்கினார். "ஏம்மா, என் சமையல் புடிக்கலையா?" அவர் முகம் வாடியதைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"ரசத்துல ஏது கோதுமை?"

"பெருங்காயத் தூள்ல கலந்திருப்பாங்க, ஆன்ட்டி."

டப்பாவைத் திருப்பிப் படித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவமே! இவ்ளோ நாள் பட்டினியாவா போன?"

அடுத்த விருந்தில் அங்கிள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "என்னமோ மிஸ் ஆகுதே?" என்றார்.

"பெருங்காயத்துக்கு இன்னைக்கு லீவு. பேசாம சாப்பிடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எனக்கென்று தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தாலே நன்றி சொல்லியிருப்பேன். அவரோ என்னைத் தனியாக உட்கார வைக்காமல், வீட்டு ரசத்தையே மாற்றிவிட்டார். அன்று இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.