எந்தக் கோயில் மொட்டை

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று மைசூர் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, என் கணவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "முடி கொட்டுமா சார்?" என்பதுதான். பிழைப்பேனா என்று நான் கேட்டது அதற்குப் பிறகு. கொட்டும் என்றார் டாக்டர். பிழைப்பீர்கள் என்றும் சொன்னார். வீடு வந்து சேரும்வரை இவர் முதல் பதிலை நினைத்தே மருகினார்.

மகள் காலேஜில் படிக்கிறாள், நாளைக்கு வரன் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்பது அவர் கணக்கு. ஆகவே முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே, நான் மாதேஸ்வரன் மலைக்குப் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நான் அப்போது பக்கத்து அறையில் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது கௌதள்ளியில். கொள்ளேகாலிலிருந்து மலைக்குப் போகிற பஸ் அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். "எங்க ஊரத் தாண்டிப் போயிருக்கீங்க, ஒரு வாய் தண்ணி குடிக்க எறங்கலீங்களா?" என்று என் நாத்தனார் போனில் அழுதாள். இவர் தடுமாறிப்போய், மலையில்லை, திருப்பதி என்று மாற்றினார். அதோடு விட்டதா? திருப்பதி என்றால் லட்டு எங்கே? மார்க்கெட் பக்கம் ஒரு மிட்டாய்க் கடையில் லட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினார். "இந்தத் தடவ லட்டுல பச்சக் கற்பூர வாசமே இல்லீங்களே" என்றாள் அவள். பெருமாளும் சிக்கனமாகிவிட்டார் என்று இவர் சமாளித்தார்.

ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைகளில் எங்களைப் போன்றவர்கள் கூடுவோம். சிகிச்சை முடிந்து பல வருடமானவர்களும் வருவார்கள். அறுவை செய்த பக்கத்துக் கை மடங்கிப் போகாமலிருக்க, சுவரில் விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிப் பழகுவோம். மனம் விட்டுப் பேசுங்கள் என்பார் கவுன்சிலர் அம்மா. புதிதாக ஒருத்தி தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தால் நாங்கள் மனம் விட்டுக் கேட்பது ஒன்றுதான்: "நீங்க எந்தக் கோயில்?" ஒருத்தி நஞ்சன்கூடு என்பாள். முக்கால்வாசிப் பேர் திருப்பதி. ஸ்ரீரங்கப்பட்டணத்து அம்மா ஒருவர், "எங்காத்துல பழனின்னு சொல்லிட்டா. தூரமா இருந்தா யாரும் செக் பண்ண மாட்டா பாருங்கோ" என்றார். அந்த வருடத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அங்கே மட்டும்தான். வீட்டில் நான் பக்தை. நோயாளியாக இருக்க எனக்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது, அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முடி முளைத்ததும், கொள்ளேகாலில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். முகமே தெளிஞ்சிருக்குதே, எதுக்காக நேந்துக்கிட்டே என்று பந்தியில் யாரோ கேட்டார்கள். என் கணவர் வாய் சும்மா இருக்குமா? "சாதாக் கட்டி ஒன்னு இருந்துச்சு. சாமிக்கு முடி குடுத்தா, அப்படியே கரைஞ்சு போச்சு" என்று அளந்துவிட்டார். எதிர் வரிசையிலிருந்த நாத்தனார் சாப்பிடாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் நாத்தனார், தனியாக. உள்ளே வந்து முக்காட்டை இறக்கினாள். மழமழவென்று மொட்டை.

"நம்ம மலையிலேயே குடுத்துட்டேனுங்க அண்ணி. எனக்கும் மார்ல ஒரு கட்டி. உங்களுக்கு எத்தன நாள்ல கரைஞ்சுதுங்க?"

அவளை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, ரவிக்கையை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப அண்ணன் சொன்னது?"

"அந்த லட்டே மைசூர்ல வாங்குனதுதான் அம்மிணி."

அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பி, முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தாமதித்துவிட்டாளோ, எங்கள் பொய்யை நம்பி இந்தப் பெண் போய்விடுவாளோ என்று பயந்தேன். இத்தனை நாள் பெயரை மட்டும் உபயோகப்படுத்திக்கொண்ட சாமியிடம் அப்போதுதான் நிஜமாக வேண்டினேன்.

புற்றுநோய்தான். ஆனால் சிறியது, பரவவில்லை. அறுவை செய்து எடுத்த கட்டியை ஏதோ புதுப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இவங்களுக்குக் கீமோ வேண்டாம். ரேடியேஷனும் மாத்திரையும் போதும். முன்னல்லாம் எல்லாருக்கும் குடுத்துடுவோம். இப்ப கட்டியோட குணத்தப் பாத்துத்தான் முடிவு பண்றோம்."

"அப்போ முடி சார்?" என்றார் என் கணவர், பழக்க தோஷத்தில்.

"அது கொட்டாது."

நாத்தனார் தன் தலையைத் தடவிக்கொண்டாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்ரீரங்கப்பட்டணத்து அம்மா, அரைகுறையாக முளைத்திருந்த அவள் மொட்டையைப் பார்த்துக் கண்ணடித்து, "நீங்க எந்தக் கோயில்?" என்றார். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தோம்.

"மாதேஸ்வரன் மலைங்க" என்றாள். "நான் நெசமாவே போனேனுங்க."